முப்பத்தேழு படி

இடது கை கல்லைப் பிடித்துக்கொண்டது. வலது கை சுத்தியலால் அதன் நெற்றியில் இரண்டு தட்டு தட்டியது. உள்ளே வெடிப்பு இருந்தால் சளி பிடித்த தொண்டை மாதிரி சத்தம் வரும். இது சுத்தமாக வந்தது. கைகள் கல்லைப் புரட்டி வயிற்றைப் பார்த்தன, முதுகைப் பார்த்தன. முகம் மேலே வர வேண்டும், கனமான பக்கம் மலைக்குள் போக வேண்டும். தோண்டிய பள்ளத்தில் கல்லை இறக்கி, அடியில் மூன்று சில்லு செருகி, பக்கத்தில் மண் அடைத்து முடித்ததும் கால்களின் முறை. மேலே ஏறி நின்று உடம்பை இடமும் வலமுமாக ஆட்டினார். கல் அசையவில்லை.

"பதினாலு," என்றார்.

"பதினாலுன்னு நான் அப்பவே சொல்லிட்டேன்," என்றான் மச்சான், கடப்பாரையில் சாய்ந்துகொண்டு. "இந்த வேகத்துல போனா திறப்பு நாளைக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா கிடக்கலாம் அத்தான். பாதி வேலையை யாரோ புண்ணியவான் நமக்கு முன்னாடியே செஞ்சு வெச்சிருக்கான்."

மச்சானுக்கு, மனைவியின் தம்பிக்கு, நாற்பத்தைந்து வயது. வாய் மூடாத காரணத்தால் ஊரில் அவனுக்கு வானொலி என்று பெயர். அத்தானை ஊர் படிக்காரர் என்று அழைத்தது. மலையடிவாரத்து வண்டி நிறுத்தத்திலிருந்து முகடு வரை, ஏறுவதற்கு நான்கு மணி நேரம் ஆகும் பாதையில், கல் படி என்று ஒன்று இருந்தால் அது அவர் கை பட்டதாகத்தான் இருக்கும்.

இந்தப் பனிக்காலத்தில் அந்தப் பாதையில் நாற்பது மீட்டர் நீளத்தை மண்சரிவு கொண்டுபோய்விட்டது. செங்குத்துப் பாறையின் அடியில் போன பகுதி அது. வெயில் வந்து பனி உருகியதும் ஆபீசிலிருந்து இன்ஜினியரம்மா வந்து பார்த்தார். மலையேற ஆட்களை விடும் திறப்பு நாளுக்கு முந்தின நாள் பாதையைக் கையில் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் இந்தப் பருவம் முழுக்க மூடிவிடுவார்கள் என்றார். அதோடு நிற்கவில்லை. "மூடிட்டா, மலைக்கு அந்தப் பக்கமா மெஷின் வெச்சு அகலமா ஒரு பாதை போடுறதா ஒரு பேச்சு இருக்கு ஐயா. அப்புறம் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

சரிந்துபோன பகுதிக்குச் சற்று மேலே பாறையை ஒட்டி ஒரு விளிம்பு ஓடியது. இரண்டு முழ அகலம், வழவழவென்று மிதிபட்ட தரை. அதைப் பார்த்ததும் படிக்காரரின் மனசு லேசாகிவிட்டது. இந்தப் பக்கம் ஏறப் பதினாறு படி, அந்தப் பக்கம் இறங்க ஆறு. நடுவில் தோண்டவே வேண்டாம். கிடந்த குப்பையைக் கூட்டித் தள்ளி, முளை அடித்து, வரிசை தெரிய நூல் கட்டி, நூலில் சிவப்புத் துணித் துண்டுகளைத் தொங்கவிட்டார். ஐந்து நாளில் பதினாலு படி வந்துவிட்டது. கையில் இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அன்று மாலை வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி தைத்துக்கொண்டிருந்த போர்வையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அவள் அடிவாரத்து லாட்ஜில் துணி துவைக்கும் அறையில் வேலை செய்தாள். அறையில் இரண்டு பெரிய மெஷின், ஒரு இஸ்திரி மேசை, கூரைக்குக் கீழே எட்டு வரிசைக் கொடி. மலையேற வந்தவர்கள் தங்கிப்போன விரிப்பெல்லாம் அவள் கையில்தான் வெளுத்தது. இறங்கி வந்த களைப்பில் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறவர்கள் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். பதினொரு மலையாடு பார்த்தோம், குட்டியோட பார்த்தோம், கொம்பு இவ்வளவு பெரிசு. முகட்டில் ஆடு எந்தப் பக்கம் மேய்கிறது என்று படிக்காரருக்குச் சொல்வதே அவள்தான்.

ஏனென்றால் அவர் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருஷமாக மலையில் கிடக்கிற மனுஷன், மலையாட்டைச் சரியாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தூரத்தில், பாறை நிறத்தில் ஏதோ நகர்வதைப் பார்த்திருக்கிறார். சுத்தியல் சத்தம் கேட்கிற இடத்தில் எந்த ஆடு நிற்கும்?

"உங்களுக்குன்னே சொல்லி வெச்சிருக்காங்க," என்று அவள் சொல்வதுண்டு. "கல்லைக் கண்டா ஆட்டைக் காணோம்."

இருபத்திரண்டு வயதில் அவர் இந்த ஊருக்கு வந்தது சுமை தூக்க. முகட்டுக்குக் கீழே இருக்கும் ஓய்வு விடுதிக்கு அரிசி, விறகு, எரிவாயு உருளை எல்லாம் முதுகில்தான் போகும். ஆடுகிற கல்லில் கால் வைத்து ஒரு நாள் முட்டி திருகிக்கொண்டது. குணமானதும் முதல் வேலையாக அந்தக் கல்லைப் பிடுங்கி ஒழுங்காகப் பதித்தார். கோபத்தில் செய்ததுதான். பிறகு அடுத்த கல். சுமையோடு போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, மழை கற்றுக்கொடுத்தது. அவர் வைத்ததை மழை பிடுங்கிப் போடும், ஏன் பிடுங்கியது என்று உட்கார்ந்து யோசிப்பார். படிக்கு முன்பக்கம் ஒரு விரல் தாழ்வாக வாட்டம் வேண்டும், தண்ணீர் தேங்கினால் அது பனியாக உறைந்து கல்லைக் கிளப்பிவிடும் என்பதை அவர் தெரிந்துகொள்ள நாலு பனிக்காலம் ஆனது. சிமென்ட் பக்கம் போகவே இல்லை. "சிமென்ட் பொய் சொல்லும்," என்பார். "உள்ள ஓட்டையா இருந்தாலும் வெளிய சிரிச்சுட்டு நிக்கும்."

"ஏங்க," என்றாள் மனைவி. "அதான் நாள் மிச்சம் இருக்கே. நாளைக்கு எனக்கும் லீவு. என்னை மேல கூட்டிட்டுப் போங்க."

"எங்க?"

"முகட்டுக்கு. ஊர்ல உள்ளவங்க எல்லாம் உங்க படியில ஏறிப் போய்ப் பார்க்கறாங்க. உங்க பொண்டாட்டி மரம் முடியற இடத்தைத் தாண்டினது இல்ல."

அவருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. பையில் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவள் பையின் அடியில் கையை விட்டுச் சின்னச் சுத்தியலை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டாள்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். மரங்களுக்குள் இருட்டு இன்னும் கலையவில்லை. ஒவ்வொரு படியிலும் அவர் காலை வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் குனிந்து சில்லு ஒன்றைச் செருகினார். இரண்டாவது தடவை குனிந்தபோது அவள் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க விருந்தாளி. விருந்தாளி அடுப்படிக்குள்ள போகக்கூடாது."

"ஒரே ஒரு கல்லும்மா."

"அது நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். நடங்க."

மரம் முடிந்தது. புல்வெளி திறந்தது. குளிர் காதைக் கடித்தது. எங்கிருந்தோ கூர்மையாக ஒரு விசில். அவள் திடுக்கிட்டு நின்றாள். பூனை அளவில், பழுப்பு நிறத்தில், தடித்த ஒன்று வளை வாசலில் இரண்டு காலில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. மலை எலி. இன்னொரு விசில், வளைக்குள் மறைந்துவிட்டது.

"யாரைப் பார்த்து விசிலடிக்குது?" என்றாள்.

"நம்மளைத்தான். ஆள் வருதுன்னு சொந்தக்காரங்களுக்குச் சொல்லுது."

"நம்ம வானொலி மாதிரி."

மண்சரிவு விழுந்த இடத்தை அவர்கள் பழைய ஆட்டிடையர் வழியில் சுற்றிக் கடந்தார்கள். எதிர்ச்சரிவில் ஒரு பாறைக்குப் பின்னால் காற்று படாத இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் செங்குத்துப் பாறை முழுதும், அதன் குறுக்கே ஓடும் விளிம்பும், விளிம்பின் நுனியில் அவருடைய பதினாலு படியும் தெரிந்தன. லாட்ஜில் இரவல் வாங்கிய பைனாகுலரில் அவள் முதலில் படிகளைத்தான் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். அவருக்கு முகம் மலர்ந்தது.

ஒன்பது மணி போல வந்தன. முதலில் மேலே வானத்தை ஒட்டி ஒரு தலை. இரண்டு. பிறகு எண்ண முடியாமல் வரிசையாக. ஆட்டுக்கும் பாறைக்கும் ஒரே நிறம், நகர்ந்தால்தான் ஆடு. முன்னால் வந்தது வயசான பெட்டை, ஒரு கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது. பின்னால் பத்துப் பெட்டை, கால் நிலைக்காத ஆறு குட்டி. ஒரு குட்டி தாயின் முதுகில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது, எழுந்து மறுபடி ஏறப் பார்த்தது.

படிக்காரர் அவளிடமிருந்து பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார். "இவ்வளவு கிட்டவா?" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

கூட்டம் இறங்கி விளிம்புக்கு வந்தது. வந்து நின்றது.

ஒற்றைக் கொம்பு கழுத்தை நீட்டியது. அதற்கு முன்னால் நூல். நூலில் சிவப்புத் துணி காற்றில் படபடத்தது. அது ஒரு அடி பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடி பின்வாங்கியது. விளிம்பின் மறுமுனைக்குக் கீழே பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து, காய்ந்து, வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு. பால் கொடுக்கிற பெட்டைகள் நாக்கை நீட்டியபடி அந்தப் பக்கமே பார்த்தன. பெரிய ஆடு ஒருவேளை பாறையிலேயே பாய்ந்து போயிருக்கும். குட்டிகளுக்கு இந்த விளிம்பை விட்டால் வேறு வழி கிடையாது.

முக்கால் மணி நேரம் நின்றன. ஒரு குட்டி கத்தியது. பிறகு ஒற்றைக் கொம்பு திரும்ப, எல்லாம் திரும்பி, வந்த வழியே மேலே போய்விட்டன.

"ஏன் போகல?" என்றாள் மனைவி.

அவர் பைனாகுலரை மடியில் வைத்தார். முதல் நாள் விளிம்பில் கூட்டித் தள்ளிய குப்பை இப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. புழுக்கை. கூடை கூடையாகப் புழுக்கை. தரை ஏன் வழவழப்பாக இருந்தது, பாறையின் ஓரம் இடுப்பு உயரத்தில் ஏன் எண்ணெய் தேய்த்தது போல மின்னியது, எல்லாம் தெரிந்தது. பாதை போடுகிறவனுக்கு மட்டும் வருகிற கண் நோய் இது: மிதிபட்ட தரை கிடைத்துவிட்டால், மிதித்தது யார் என்று கேட்க மாட்டான்.

"புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார். "முப்பத்தொரு வருஷமா நம்ம பாதை கீழ போச்சு. கீழ போற ஆளை அதுங்க சட்டை பண்ணல. நான் இப்ப அதுங்க வீட்டுக் கூடத்துக்குள்ள படி கட்டி வெச்சிருக்கேன்."

"அஞ்சு நாளா சுத்தியல் சத்தம் வேற."

"அஞ்சு நாளா உப்பு இல்ல அதுங்களுக்கு."

அவள் முட்டையை உரித்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முகட்டுக்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம் இருந்தது. "போதும்," என்றாள் அவள். "நான் பார்க்க வந்ததைப் பார்த்தாச்சு. நீங்க செய்ய வேண்டியதைச் செய்யுங்க." இறங்கும் வழியில் விளிம்புக்குப் போய், நூலை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டார். முளைகளை வெறும் கையால் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்.

மறுநாள் காலை விஷயத்தைக் கேட்டதும் வானொலி ஆரம்பித்துவிட்டான்.

"பிடுங்கறதா? பதினாலு படியையுமா? அத்தான், வெயில் மண்டையில ஏறிடுச்சா? ஆட்டுக்கு வழிவிட்டுட்டு நாம நடுத்தெருவுல நிக்கணுமா?"

"கீழ சரளை வழியாப் போகலாம். வளைச்சு எடுத்தா முப்பத்தேழு படி."

"ஒரு நாளைக்கு மூணு படிதான் வரும். இதைப் பிடுங்கவே ஒரு நாள். மிச்சம் எட்டு நாள். கணக்குப் பாருங்க, இருபத்தினாலு. பாக்கிப் பதிமூணை அந்த ஆடு வந்து போடுமா?"

"பதினாலு கல்லும் கொத்தித் தயாரா இருக்கு மச்சான். பாதி வேலை கல்லைத் தேடிக் கொத்துறதுலதான் போகும்."

"மீதிப் பாதி?"

"நீ பேசுற நேரத்துல வெச்சுடலாம்."

வானொலி கடப்பாரையைத் தரையில் குத்தினான். பிறகு அதையே பிடுங்கிக்கொண்டு முதல் ஆளாக விளிம்புக்கு ஏறினான். பேச்சு நிற்கவில்லை; கையும் நிற்கவில்லை.

படிக்காரர் இன்ஜினியரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். "விளிம்புல போகலாம்னு நானும்தானே தலையாட்டினேன்," என்றார் அந்தம்மா. "பாதைக் கோட்டை மாத்திக்கோங்க ஐயா. வரைபடத்தை நான் மாத்திக்கிறேன். தேதியை மட்டும் என்னால மாத்த முடியாது."

சரளைச் சரிவில் தரை என்பதே கிடையாது. ஒரு கூடை தோண்டினால் இரண்டு கூடை உருண்டு வந்து பள்ளத்தை மூடும். முதல் மூன்று நாளில் ஏழு படிதான் வந்தது. இரவு சாப்பிடும்போது படிக்காரரின் விரல்கள் கரண்டியைச் சுற்றி மடங்க மறுத்தன. மறுநாள் காலை வேலை இடத்துக்கு மனைவியே வந்து நின்றாள், தலையில் ஒரு மூட்டையோடு.

"லீவு போட்டுட்டேன்," என்றாள். மூட்டையில் லாட்ஜில் கழித்துப்போட்ட பழைய விரிப்புகள். "ஈரத் துணியை ரெண்டு ரெண்டு பேரா நாலு முனையைப் பிடிச்சுத்தான் நாங்க தூக்குவோம். கல்லும் அப்படித் தூக்கலாம்ல?"

தூக்க முடிந்தது. கட்டிப்பிடித்து இடுப்பு ஒடியச் சுமந்த கல் விரிப்பில் தொட்டில் மாதிரி அசைந்துகொண்டு வந்தது. அக்காவும் தம்பியும் தூக்கினார்கள், அவர் வைத்தார். அன்று ஐந்து படி. மறுநாள் ஆறு.

"அக்கா, இது எந்த அறை விரிப்பு?"

"பன்னெண்டாம் நம்பர்."

"அதான் இவ்வளவு கனம். அதுல தங்குறவங்க எல்லாம் குண்டு."

உப்பு விற்கப் போனால் மழை என்பார்களே, ஆறாவது நாள் மதியம் அது வந்தது. விரிப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அக்காவும் தம்பியும் பாறையடியில் ஒதுங்கினார்கள். படிக்காரர் மட்டும் நனைந்தபடி வெளியே நின்று தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்தார். அவர் கண் முன்னால் மூன்று படி சாய்ந்தது. வானொலி தலையில் கை வைத்தான்.

"நல்லதாப் போச்சு," என்றார் படிக்காரர், நெற்றித் தண்ணீரை வழித்துவிட்டு. "ஆள் ஏறினப்புறம் சாயறதுக்கு இப்பவே சாஞ்சது." மழை விட்டதும் அந்த மூன்றையும் எடுத்து, பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, மறுபடி வைத்தார். எட்டாம் நாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் முப்பத்தேழாவது கல்லின் மேல் ஏறி நின்று உடம்பை ஆட்டினார். யாருக்கும் கைதட்டத் தெம்பில்லை.

மறுநாள் பகல், திறப்புக்கு முந்தின நாள், இன்ஜினியரம்மா வந்தார். கையில் வாளி. பாதையைக் கையில் வாங்குவதற்கு ஆபீசில் ஒரு முறை உண்டு: ஒவ்வொரு படியிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் ஓடினால் படி. உள்ளங்கை அளவு தேங்கினாலும் அது படி இல்லை, பாதையை வாங்கமாட்டார்கள். ஓடையில் தண்ணீர் மொண்டு மொண்டு வானொலி கொடுத்தான். இன்ஜினியரம்மா ஊற்றிக்கொண்டே ஏறினார். பத்து, இருபது, முப்பது.

முப்பத்திரண்டில் தேங்கியது.

நாலு பேரும் அதையே பார்த்தார்கள். சின்னத் தண்ணீர், ஒரு மேகத்துண்டு அதில் தெரிந்தது. கடைசி நாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவசரமாக வைத்த படிகளில் ஒன்று.

"ஐயா," என்றார் இன்ஜினியரம்மா தயங்கி. "மூணு மணிக்குள்ள நான் எழுதி அனுப்பணும்."

"மணி என்ன?"

"ரெண்டு அஞ்சு."

படிக்காரர் மண்டியிட்டார். கடப்பாரையை ஓரத்தில் கொடுத்துக் கல்லை மயிரிழை தூக்கினார். மனைவி கேட்காமலே உட்கார்ந்து, பின்பக்கம் கையை விட்டு மண்ணை வழித்தாள். ஒரு சில்லை எடுத்தார், பெரிது, இன்னொன்று, சிறிது, மூன்றாவதைச் சுத்தியலால் ஓரம் உடைத்துச் செருகினார். இறக்கினார். ஏறி நின்று ஆட்டினார். "ஊத்துங்கம்மா."

தண்ணீர் கல்லின் முகத்தில் ஒரு கணம் யோசித்தது. பிறகு முன்பக்கமாக வழிந்து இறங்கிப் போனது.

வாளி காலியாகும் வரை ஊற்றினார்கள். முப்பத்தேழும் ஓடியது. அப்போதுதான் இன்ஜினியரம்மா நிமிர்ந்து மேலே விளிம்பைப் பார்த்தார். வெறும் பாறை. படி இருந்த தடமே இல்லை.

"வந்துச்சா அதுங்க?"

"தெரியாதும்மா," என்றார் படிக்காரர். "சுத்தியல் சத்தம் நின்னே ஒரு ராத்திரிதான் ஆச்சு."

"இருங்க," என்ற வானொலி விறுவிறுவென்று மேலே ஏறினான். திரும்பி வந்தபோது மூடிய கையை இன்ஜினியரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டித் திறந்தான். நாலைந்து புழுக்கை, ஈரம் காயாதது.

"சாட்சி," என்றான். "இன்னைக்குக் காலையில போட்டது. கையெழுத்து வேணும்னா அதுங்களைத்தான் கேக்கணும்."

"கையைக் கழுவுடா முதல்ல," என்றாள் அக்கா. ஆனால் அவளும் குனிந்து பார்த்தாள்.

கடைசியில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. வழி தெரியப் பாறைகளில் மஞ்சள் கோடு போடுவார்கள். எல்லாக் கோட்டையும் போடுகிறவன் கடைசிக் கோட்டைப் போடக்கூடாது. பாதையை வாங்குகிறவர்தான் போட வேண்டும். போட்டுவிட்டால் பாதை கைமாறிவிட்டது.

படிக்காரர் டப்பாவின் மூடியை நெம்பினார். தூரிகையை முக்கி, சொட்டாமலிருக்க டப்பாவின் ஓரத்தில் ஒரு பக்கம் வழித்தார், மறுபக்கம் வழித்தார். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. மேலே ஒரு தடவை பார்த்தார். பிறகு காம்பு அந்தப் பக்கம் இருக்கும்படி திருப்பி, தூரிகையை இன்ஜினியரம்மாவிடம் கொடுத்தார்.